வரிச் சலுகையும் ஏழாவது தென்னையும்

பசுமை வீட்டுக்கு வரியில் சலுகை உண்டு என்று எனக்குச் சொன்னவர், மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் கழிவு வாங்கிப்போக வரும் பஞ்சாயத்துப் பெண். அன்று நான் கொடுத்த பையில் பாலிதீன் உறை நாற்பத்தொன்று, மாத்திரை அட்டை பதினாறு, ரப்பர் செருப்பு ஒன்று. செருப்பு ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்டார். மற்றது இன்னும் நன்றாக இருக்கிறது என்றேன்.

"இத்தற கணக்கா இருக்கீங்களே, அங்கிளே. ஊட்டுக்குப் பச்ச சர்ட்டிபிகேட் வாங்கிருங்க. கெட்டிட நிகுதியில கொறச்சுக் குடுக்கறாங்களாம்," என்றார்.

கெட்டிட நிகுதி என்றால் வீட்டு வரி. எங்கள் பக்கம் பேச்சு தமிழ், காகிதம் மலையாளம். வேலந்தாவளத்துக்கு மூன்று கிலோமீட்டர் தெற்கே, எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் தோட்டம். வீடும் தோட்டத்தின் பெரும்பகுதியும் கேரளத்தில். கிழக்குக் கோடியில் அரை ஏக்கருக்குக் குறைவான துண்டு தமிழ்நாட்டில். நடுவில் வேலி கிடையாது. மேய வரும் ஊர் ஆட்டுக்கும் கோழிக்கும் எந்த மாநிலம் என்று தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

மறுநாளே பஞ்சாயத்து அலுவலகம் போய் விவரம் கேட்டு வந்தேன். மழைநீரைச் சேர்க்கும் குழி வேண்டும். சாண எரிவாயுக் கலம் வேண்டும். குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும். விளக்கெல்லாம் எல்.இ.டி. ஆக இருக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் இருக்கிறது என்று அபேட்சை, அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தால் ஓவர்சியர் நேரில் வந்து பார்ப்பார். பார்த்துச் சரி என்றால் சலுகை. சலுகைத் தொகை இரண்டு பேர் பொள்ளாச்சி போய்ச் சாப்பிட்டுத் திரும்பும் அளவுக்குத்தான் வரும். அதற்காக இவ்வளவு செய்வார்களா என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். முப்பத்தொரு வருடம் கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் டைம்கீப்பராக இருந்தவன் நான். ஒரு நிமிடம் தாமதமாக வந்தவனுக்கும் சிவப்பு மையில் குறித்தவன். சிறு தொகை, பெருந்தொகை என்று நான் பார்ப்பதில்லை.

ஆனால் உண்மையான காரணம் வேறு. அது மாடு.

எங்களுக்கு ஒரு மாடு இருந்தது. கறுப்பும் வெள்ளையுமான கலப்பினம். என் மனைவியின் கை பட்டால்தான் பால் விடும். நான் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் உதைத்தது, அதில் இரண்டு முழங்காலில். இதனால் என் மனைவி வீட்டை விட்டு இரண்டு இரவுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. மகளைக் குமுளியில் கட்டிக் கொடுத்துப் பத்தொன்பது வருடம். மாப்பிள்ளைக்கு ஏலக்காய்க் கடை. மகள் வருடத்துக்கு நாலு தடவையாவது, "அம்மா, ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போ," என்பாள். இவள் மாட்டைக் காட்டுவாள். அந்த வருடம் முழங்கால் வலி கண்டதும் இவளுக்கே அலுத்துவிட்டது.

"ஏனுங்க, மாட்டச் சந்தையில குடுத்துரலாங்க. நான் ஒரு மாசம் குமுளியில இருந்துட்டு வாறனுங்க," என்றாள் ஒரு காலை, காப்பி ஆற்றிக்கொண்டே.

ஒரு மாதம் என்றால் முப்பது நாள். முப்பது காலை, முப்பது மதியம், முப்பது மாலை. தொண்ணூறு வேளை நானே சமைத்து நானே எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பாள் என்பதால் வேறு வழி தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் பெண் வாயைத் திறந்தார்.

"மாட்ட வித்துட்டா சாணம் எங்கிருந்து வரும்? சாணமில்லீன்னா காஸ் இல்ல. காஸ் இல்லீன்னா சர்ட்டிபிகேட் இல்ல. கவர்மெண்டு திட்டம் புள்ள, நம்ம இஷ்டத்துக்கு முடியுமா?" என்றேன் மனைவியிடம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "சரிங்க. சலுக வந்துதுன்னா மாடு இருக்கட்டும். நான் குமுளிப் பேச்சே எடுக்க மாட்டனுங்க. வரலீன்னா மாடு சந்தைக்கு, நான் குமுளிக்கு. சம்மதமுங்களா?" என்றாள்.

சம்மதம் என்றேன். என்னைவிட ஒழுங்காக ஒரு அபேட்சையை எங்கள் வார்டில் யார் எழுத முடியும்.

வேலை தொடங்கியது. வீட்டில் பதினான்கு விளக்கு. பதினான்கையும் மாற்றினேன். குளியலறை விளக்கு வெளிச்சம் போதவில்லை, சோப்பு எது பல்பொடி எது என்று தெரியவில்லை என்றாள். தொட்டுப் பார்த்துக்கொள் என்றேன். மட்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மட்காததற்கு நீல வாளி. வாரக்கடைசியில் நீல வாளியைச் சோதனை போட்டபோது என் மூக்குக்கண்ணாடிக் கூடு அதற்குள் கிடந்தது. "அது மக்காதுங்களே," என்றாள். கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சூரியத் தகடு கோவையிலிருந்து வந்தது, நாலு. எரிவாயுக் கலத்தை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய யோசனை. வாளையாறு கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் வருடத்தில் பாதி நாள் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். ஒரு கழியில் துண்டைக் கட்டி நட்டு, பன்னிரண்டு நாள் காலையும் மாலையும் அது பறக்கும் திசையை நோட்டில் குறித்தேன். இருபத்துநாலு தடவையில் பத்தொன்பது தடவை கிழக்கு. ஆகவே கலத்தைத் தோட்டத்தில் எவ்வளவு கிழக்கே வைக்க முடியுமோ அவ்வளவு கிழக்கே வைத்தால், நாற்றம் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பொள்ளாச்சியைப் பார்க்கப் போய்விடும். மழைக்குழியும் அஸ்திவாரத்திலிருந்து தள்ளி இருப்பதே நல்லது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

எல்லை தாண்டாமல் இருக்க வேண்டும் என்பதிலும் கவனமாகத்தான் இருந்தேன். சமையலறைக்குப் பின்னால் தொடங்கி வரப்பின் மேல் நேராகக் கிழக்கே போகிறது ஒரு தென்னை வரிசை. ஏழாவது தென்னை வரை கேரளம், அதற்கு அப்பால் தமிழ்நாடு. இது என் அப்பா சொன்னது, பாகப்பத்திரத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டு எண்ணிக்கொண்டு போனேன். ஏழாவதைத் தொட்டேன். அதற்கு மேற்கே ஒரு கஜம் விட்டு, குழிக்கும் கலத்துக்கும் முளை அடித்தேன்.

இரண்டு ஆட்கள் நாலு நாள் வெட்டினார்கள். நான் குடையோடு பக்கத்தில் நின்றேன். கூரையிலிருந்து குழிவரை குழாய் போட வந்தவர், "ஏனுங், இத்தன தூரங்களா? ஊட்டுக்கிட்டயே வெச்சிருக்கலாமுங்களே," என்றார். காற்றுக் கணக்கைச் சொன்னேன். அவர் இன்னும் குழாய் எடுத்துவரப் போனார். என் மனைவி ஆட்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மொத்தம் எட்டுத் தடவை வந்தாள். எட்டுத் தடவையும் குழியை எட்டிப் பார்த்தாள். "நல்லா ஆழமா வெட்டுங்க," என்று ஒருமுறை சொன்னாள். மனசு மாறிவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் மழை என்பது பெரும்பாலும் மேற்கே பெய்வதைப் பார்ப்பதுதான். பாலக்காட்டில் கொட்டும், எலப்புள்ளியில் தூறும், எங்களிடம் வரும்போது வெறும் மேகமாக வரும். குழி வெட்டி ஐந்து வாரம் வானத்தைப் பார்த்தேன். ஆறாவது வாரம் ஒருநாள் மதியம் நாற்பது நிமிடம் நல்ல மழை. குழாய் வழியாக ஓடி வந்து குழியில் விழுந்த சத்தத்தைக் கேட்டபோது, குமுளி வண்டி எனக்கு வெகு தூரத்தில் போய்விட்ட மாதிரி இருந்தது. அந்த வாரமே கலத்தில் வாயுவும் பிடித்தது. அடுப்பில் நீலமாக எரிந்தது. அபேட்சையைப் பன்னிரண்டு இணைப்புகளோடு கொடுத்தேன். அவர்கள் கேட்டது ஐந்து.

ஓவர்சியர் ஸ்கூட்டரில் வந்தார். ஒற்றப்பாலம் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள். விளக்குகளை எண்ணினார், நானும் கூட எண்ணினேன். வாளிகளைப் பார்த்தார். மாடியேறித் தகட்டைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கைப்பேசியில் டிக் போட்டார். "அடிபொளி அங்கிளே," என்று பாராட்டினார். என் மனைவி மோரோடு பின்னால் நின்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன், ஜெயித்தவன் பார்க்கிற பார்வை.

பிறகு தென்னை வரிசையோடு கிழக்கே நடந்தோம். ஓவர்சியர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தார். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். இரண்டடி பின்னால் போனார். முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார்.

"அங்கிளே, நான் இப்போ தமிழ்நாட்டிலயா நிக்கறது?"

"இல்லம்மா. ஏழாவது தென்னைக்கு அந்தப் பக்கந்தான் தமிழ்நாடு. இதா, இதுதான் ஏழாவது."

"தெங்கு எனக்கு அறியாது அங்கிளே. மேப்புல இந்தக் குழி அவங்க ஸ்டேட்ல காணிக்குது."

மேப்புக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். சமையலறை வரை அவரைத் திருப்பி அழைத்துப்போய், அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே கூட்டி வந்தேன். ஏழு சரியாக வந்தது. ஓவர்சியர் தயங்கினார். சர்வே கல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்படியொரு கல்லை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றேன். அது உண்மை.

அதுவரை வாய் திறக்காமல் நின்ற என் மனைவி, மோர்ச் சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"அம்மிணி, அந்தப் பரங்கிக் கொடிய வெலக்கிப் பாருங்க. கல்லு அங்கதான் இருக்குது."

இருந்தது. குழிக்கு மேற்கே பன்னிரண்டு தப்படியில், முழங்கால் உயரத்துக்கு, பரங்கி இலைக்குள் பதுங்கிக்கொண்டு. ஒரு பக்கம் ஒரு அம்புக்குறி, மேலே ஒரு எண். பரங்கிக்கொடியை அங்கே நட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

"இது எப்படி?" என்றேன்.

"மூணாவது மரம் வண்டு உழுந்து செத்துது. அஞ்சாவது இடி உழுந்து செத்துது. ரெண்டையும் நாந்தான் ஆள் வெச்சு வெட்டுனனுங்க. அதுலதான் மாட்டுக் கொட்டாயிக்கு உத்தரம் போட்டது. நீங்க அப்ப மில்லுல இருந்தீங்க," என்றாள். "இப்ப நீங்க எண்ணறது நிக்கற மரத்த. நிக்கற மரத்துல ஏழாவதுன்னா மொதல்ல அது ஒம்பதாவது."

"வெட்டும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலீங்களே."

ஓவர்சியர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் விடவில்லை. மழை பெய்வது கேரளத்துக் கூரையில், அந்தத் தண்ணீர் கேரளத்துத் தண்ணீர்தானே என்று வாதாடினேன். சாணம் போடுகிற மாடு கேரளத்து மாடு, வாயு எரிவது கேரளத்து அடுப்பில் என்றேன்.

"எல்லாம் சரிதான் அங்கிளே. பட்சே குழி அவிடயல்லே, தமிழ்நாட்டில? நான் எப்படி டிக் போடறது? ரெண்டையும் இந்தப் பக்கம் மாத்திட்டு அடுத்த வருஷம் அபேட்ச குடுங்க," என்றார். மோரைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தார்.

நான் அதோடு ஓயவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். அடுத்த நாள் கிழக்கே போய்த் தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். உங்கள் மாநிலத்தில் மழைநீர்க் குழியும் எரிவாயுக் கலமும் கட்டியிருக்கிறேன், ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டேன்.

"ஊடு எங்கீங்க?" என்றார்.

"கேரளாவுல."

"அப்ப எதுக்குங்க வரியக் கொறைக்கறது, குழிக்குங்களா?"

திரும்பி வந்தபோது என் மனைவி மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தது. நாளைக்குச் சந்தை நாள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த வருடம் குழியை மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "பேச்சு பேச்சா இருக்கோணுமுங்க," என்றாள். டைம்கீப்பரிடம் அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

காலையில் மூவரும் நடந்தோம், அவள், நான், மாடு. ஆயிரத்து இருநூறு தப்படி வரை எண்ணினேன். பிறகு மாடு ஒரு வேலியில் வாய் வைத்து நின்றதில் கணக்கு விட்டுப்போனது.

வேலந்தாவளம் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் உங்கள் கைமேல் துண்டைப் போடுவார். துண்டுக்குள் உங்கள் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தார், எங்கே அழுத்தினார் என்பதுதான் விலை. நீங்கள் பதிலுக்கு அவர் விரலைப் பிடிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு முகமும் ஒரு துண்டும். எதிரில் டீக்கடை நிழலில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரியப்போவது அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

விற்பதாகத்தான் வாக்கு. என்ன விலைக்கு என்று பேச்சில் வரவில்லை.

முதல் தரகர் என் மூன்று விரலைப் பிடித்து நடுவில் அழுத்தினார். நியாயமான விலை. நான் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன், ஒருமுறையல்ல, மூன்று முறை. அந்த விலைக்கு இரண்டு ஜோடிக் காளையும் ஒரு வண்டியும் வாங்கலாம். அவர் துண்டை எடுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். டீக்கடைப் பக்கம் திரும்பி, "அக்கா, அண்ணனுக்குக் கை நடுக்கமுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே," என்றாள்.

இரண்டாவது தரகருக்கும் அதே பிடி. அவர் "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர் ஒரு ராவுத்தர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அந்தச் சந்தையில் ஐம்பது வருடமாக மாடு பிடிக்கிறவர். அவர் விரலை நான் பிடித்ததும் கையை இழுக்கவில்லை. துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"விக்கறதுக்கு வந்தீங்களா, கை குலுக்க வந்தீங்களா?"

நான் பதில் சொல்லுமுன் என் மனைவி எழுந்து வந்துவிட்டாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நாற்பத்தாறு வருடப் பழக்கம், துண்டுக்குள் என்ன நடந்தது என்று முகத்திலேயே படித்துவிட்டாள் போலிருக்கிறது.

"நகருங்க," என்றாள் என்னிடம். "ராவுத்தரே, துண்ட இப்பிடிப் போடுங்க."

அந்தச் சந்தையில் ஒரு பெண் துண்டுக்குள் கை நீட்டி நான் பார்த்ததில்லை. ராவுத்தரும் பார்த்ததில்லை போலும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாயால சொல்லு தங்கச்சி, பரவால்ல," என்றார்.

"வாயால சொன்னா இவருக்குக் கேட்டுருமுங்க."

ராவுத்தர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தாடிக்குள் சிரித்தார். துண்டை இரண்டாக மடித்து அவள் கைமேல் போட்டு, துணிக்கு வெளியே இருந்தே விரலைத் தொட்டார். நான் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தேன், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தேன். மாட்டின் வயிறுதான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை. மறுபடி துண்டு அசைந்தது. இந்தத் தடவை இரண்டு தலையும் ஆடின. அவர் மடியை அவிழ்த்துக் கொடுத்த நோட்டுக் கட்டை அவள் எண்ணாமலேயே சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாட்டின் நெற்றியில் ஒருமுறை கை வைத்தாள்.

மூன்றாம் நாள் பொள்ளாச்சியில் அவளை வண்டியேற்றினேன். ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"எத்தன வெரலுன்னு மட்டும் சொல்லீட்டுப் போ புள்ள."

"அடுப்ப அணைக்க மறந்துராதீங்க," என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

இது எழுதும்போது அவள் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் தொலைபேசியில் பேசுகிறாள். கால் வலி குறைந்திருக்கிறதாம். கடையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறாளாம், மாப்பிள்ளையைவிட வேகமாக. தினமும் நான் அதையே கேட்கிறேன். முதல் நாள் நாலு விரல் என்றாள். இரண்டாம் நாள் ஏழு என்றாள். ஒருநாள் இரண்டரை என்றாள், அரை விரலை எப்படிப் பிடிப்பது என்று நான் இரவு சாப்பாடு முடியும்வரை யோசித்தேன். இதுவரை சொன்னதில் ஒன்பது வெவ்வேறு எண்கள் நோட்டில் இருக்கின்றன. ராவுத்தரிடமும் போய்க் கேட்டேன். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லும் வழக்கமில்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேற்றுக் கேட்டபோது, நான் குமுளிக்கு நேரில் வந்தால் சொல்வதாகச் சொன்னாள். அதோடு இன்னொரு மாதம் இருக்கச் சொல்லி மகள் பிடிவாதம் பிடிக்கிறாளாம். இங்கே இனி காலையில் யாரும் உதைக்கக் காத்திருக்கவில்லை, பூட்டிவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை. பழனியில் ஒன்று, தேனியில் ஒன்று, கம்பத்தில் ஒன்று என்று மூன்று வண்டி மாற வேண்டும் என்கிறார்கள். கம்பத்திலிருந்து மலையேற எத்தனை வளைவு என்று சொல்ல மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதை நானே எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.